இரண்டு சுற்று

கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி நிறுத்தியபோது, கேம் கியரின் சிவப்புக் கோடு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஒரு பல் தள்ளி நின்றது.

மோகனராஜ் ஸ்பானரை எடுக்காமல் அப்படியே குனிந்து பார்த்தான். கீழே கிராங்க் கியரின் புள்ளி சரியாகத்தான் இருந்தது. மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் கியர் மட்டும் பிந்தியிருந்தது. ஒரு பல் என்பது சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை. ஆனால் அந்த ஒரு பல்லுக்கே வால்வுகள் தப்பான நேரத்தில் திறக்கும், எஞ்சின் குலுங்கும். இன்னும் மூன்று பல் தள்ளினால் மேலே ஏறி வரும் பிஸ்டன் திறந்து கிடக்கும் வால்வில் மோதும். ஓடும் வண்டி ஓடிய இடத்திலேயே செத்துவிடும்.

காலையில் ஸ்டார்ட் செய்தபோது குலுங்கியதும் இதனால்தான். காரணம் தெரிந்துவிட்டது, அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு கியரையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டை மாட்டியவன் அவன்தான். சரியாக மாட்டியது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது.

ஜெலுத்தோங்கில் அந்த வரிசை வீட்டின் போர்ச்சில் தகரக் கூரைமேல் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. வடிகாலிலிருந்து சேற்று நாற்றமும், பக்கத்து வீட்டு வாணலியிலிருந்து பெலாச்சான் இறால் விழுது வறுபடும் நெடியும், தரையில் சிந்திய எண்ணெயின் வாடையும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் ஒட்டின. கழற்றி வைத்த பேட்டரி சுவரோரம் தரையில் கிடந்தது.

உள்ளேயிருந்து மனைவி காமினி எட்டிப் பார்த்தாள். முழங்காலில் கட்டு. போன வாரம் பினாங்குப் பாலத்தில் மழையில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தவள். அக்கரையில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, இரவு ஒன்பது மணிக்கு ஷிஃப்ட்.

"என்னங்க, முடியலன்னா சொல்லிடுங்க. கிராப் டாக்சி போட்டுக்குறேன்."

"ஏழரைக்கு ரெடி."

"மூணு வாரமா இதே ஏழரைதான் லா. எந்த வருசத்து ஏழரைன்னும் சொல்லிட்டா நல்லாருக்கும்."

அவன் சிரிக்கவில்லை. பெல்ட்டைத் தளர்த்தி, கோட்டைச் சேர்த்து, மறுபடி மாட்டினான். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் உருளையை விட்டான். இரண்டு சுற்று சுற்றினான்.

இரண்டு பல்.

எழுந்தான். உட்கார்ந்தான். துணியில் கை துடைத்தான், துடைத்த கையையே மறுபடி துடைத்தான். பெல்ட்டின் பற்களை விரலால் தடவி ஒவ்வொன்றாகப் பார்த்தான். புதுசு. கிராங்க் கியரை அசையாமல் பிடிக்கும் சாவித்துண்டு அதன் குழியில் ஆடாமல் இருந்தது. டென்ஷனரும் உறுதி. இடம் மாற வழியே இல்லை.

மூன்றாம் முறை கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சுற்றினான். முதல் சுற்று சீராக வந்தது. இரண்டாவது சுற்றின் பாதியில் ஸ்பானர் கனத்தது. எஞ்சினின் கனம் அவனுக்குப் பழக்கம். இது வேறு. மறுமுனையில் யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல. பிறகு அந்தப் பிடி விட்டது. ஸ்பானர் அவன் கையையும் இழுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் தானாகப் போயிற்று.

மூன்று பல்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. காருக்குள், டாஷ்போர்டின் பின்னால். டிக். டிக். டிக். அவசர விளக்கைப் போட்டால் வரும் சத்தம். தரையில் கிடந்த பேட்டரியைப் பார்த்தான். அதன் வயர்கள் எங்கும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை.

சத்தம் நின்றது.

ஜாஹிருக்குப் போன் போட்டான். பழைய எஞ்சின் விற்பவர். இந்த எஞ்சினைக் கொடுத்தவரும் அவர்தான்.

"அண்ணே, இந்த எஞ்சின் எந்த வண்டியிலேருந்து வந்துச்சு?"

"ஏன் தம்பி, சத்தம் போடுதா? உன் பொண்டாட்டிய விடவா?"

"சொல்லுங்கண்ணே."

"பாலத்துல அடிபட்ட கார்ப்பா. லோரிக்காரன் பின்னால வந்து ஏத்திட்டான். முன்பக்கம் ஒண்ணும் ஆகல. வால்வு மட்டும் வளைஞ்சிருக்குன்னு சொல்லித்தானே சீப்பா கொடுத்தேன். ஒரு பொம்பள ஓட்டுன வண்டி, ரொம்ப ஓடல. ஏன்?"

"ஒண்ணுமில்லண்ணே."

கேம் கியரின் மேல் வருடக்கணக்கான எண்ணெய் காய்ந்து கறுப்பாக ஒட்டியிருந்தது. இதுவரை பார்க்க வேண்டிய இடத்தை மட்டும் துடைத்திருந்தான். இப்போது கிளீனரை அடித்து முழுவதும் துடைத்தான். கறுப்பு வழிந்தது. இன்று அவன் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு தெரிந்தது. கருஞ்சிவப்பு. குறுக்கே ஒரு சின்னக் கோடு, அதன் ஓரத்தில் ஒரு புள்ளி.

மற்ற மெக்கானிக்குகள் வெள்ளைப் பெயின்ட்டால் அடையாளம் போடுவார்கள். அவன் மட்டும் காமினியின் நகப்பூச்சால் போடுவான். ஆஸ்பத்திரியில் நகப்பூச்சு கூடாது, அதனால் கல்யாணமான வருடத்திலிருந்தே அந்தக் குப்பி அவனுடைய டூல் பெட்டியில் கிடந்தது. கோடும் புள்ளியும் அவன் கை. வேறு யாரும் போடுவதில்லை.

நான்கு வருடம் ஆகிவிட்டது. அப்போது வொர்க்‌ஷாப்பில் வேலை செய்தான். ரமணி என்று ஒரு அம்மா பெல்ட் மாற்ற வந்தார். சளி பிடித்திருந்தது, யூக்கலிப்டஸ் தைலம் மணக்க, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்டார்: "முடிஞ்சிருச்சா தம்பி?" பெல்ட்டை மாட்டிக் கையால் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். அதன்பிறகுதான் டென்ஷனர் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். அவன் சுற்றவில்லை. இறுக்கவும் மறந்தான். "முடிஞ்சிருச்சுக்கா" என்றான். மறுநாள் மழையில் பாலத்தின் நடுவில் கார் நின்றது. அவர் அவசர விளக்கைப் போட்டிருந்தார் என்று பேப்பரில் வந்தது. லோரி அதைப் பார்க்கவில்லை. அவர் அங்கேயே இறந்துபோனார். மெக்கானிக் யார் என்று யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. காமினியிடம்கூட.

தைலம் மணத்தது.

மழைக்குள்ளே, எண்ணெய்க்குள்ளே, அவன் காதுக்குப் பின்னால். திரும்பவில்லை. கத்தியை எடுத்து, பெல்ட்டின் அடியில் கொடுத்து ஒரே இழுப்பில் அறுத்தான். உருவி எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டான். பெல்ட் இல்லாமல் எந்த எஞ்சினும் ஓடாது. இது இனி எங்கேயும் போகாது. சாரல் அடித்ததால் போனட்டை இறக்கி மூடினான். பின்கட்டுக்குப் போனான். கை கழுவிவிட்டு அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். ரமணி அம்மாவில் ஆரம்பித்து.

சோப்புத் தூளைப் போட்டு ஒரு கையைத் தேய்த்தான். மறு கையில் பெல்ட். ஏனோ அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. எப்படி ஆரம்பிப்பது? காமினி, உட்காரு. இல்லை. காமினி, நான் ஒரு தப்பு.

எஞ்சின் ஸ்டார்ட் ஆயிற்று.

குலுக்கல் இல்லை. தட்டல் இல்லை. இவ்வளவு சீராக ஓடும் எஞ்சினை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை.

போனட் மூடினால் வேலை முடிந்தது. அந்த வீட்டில் அதுதான் வழக்கம். காமினிக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஓடினான். ஈரத் தரையில் வழுக்கினான். போர்ச் காலி. கேட் திறந்து கிடந்தது. பேட்டரி சுவரோரம் அப்படியே கிடந்தது. தெருமுனையில் கார் திரும்பிக்கொண்டிருந்தது. பின்விளக்குகள் இரண்டும் மழையில் விட்டு விட்டு எரிந்தன.

போன் போட்டான். உடனே எடுத்தாள்.

"என்னங்க, சூப்பரா ஓடுது! ஏழரைன்னா ஏழரைதான் லா. அவசர லைட்டு மட்டும் தானா மினுக்குது, நாளைக்குப் பாத்துக்கலாம்."

"காமினி, நிறுத்து. ஓரமா நிறுத்து."

"என்ன? சரியா கேக்கல."

டிக். டிக். டிக்.

"தைலம் ஏதாச்சும் கொட்டிட்டீங்களா கார்ல? ஒரே வாசனை. ஏங்க? இருக்கீங்களா?"

அவளுக்குப் பின்னால், பின்சீட்டிலிருந்து, சளி கட்டிய தொண்டையைக் கனைக்கும் சத்தம். பிறகு பொறுமையாக ஒரு குரல்.

"முடிஞ்சிருச்சா தம்பி?"

லைன் போய்விட்டது.

அவன் கையில் அறுந்து கிடந்த பெல்ட் சூடாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரல்களின்மேல் ஒரு பல் நகர்ந்தது.

பிறகு இன்னொரு பல்.