நீலக் கொடிக்கயிறு

“அண்ணே, அந்தக் கயிறு அறுந்துபோச்சு” என்றாள் கஜேந்தினி தொலைபேசியில். மகனின் பள்ளிக்கூடச் சட்டை காயவில்லை என்ற கதைக்கு நடுவில் சொன்னாள்.

வன்னியில், ஸ்கந்தபுரத்தில் அண்ணன் கிருபன் அப்போதுதான் வயலால் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். தகப்பன் காலத்தில் குடும்பம் விட்டு வந்த மலைநாட்டுக்கே தங்கை திரும்பவும் வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தாள். தேயிலைத் தோட்டத்தில் அவளுடைய லயத்து வீட்டின் பின்தாழ்வாரத்தில் நிலம் வெடித்திருந்தது. மண்சரிவு அபாயம் பார்க்க வந்த அதிகாரிகள் வெடிப்பின் இருபுறமும் கட்டை அடித்து, நடுவே சணல் கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். வெடிப்பு அகன்று கயிறு அறுந்தால் ஒன்றையும் எடுக்காமல் வெளியேறச் சொன்னார்கள்.

“ஏன் அறுந்தது?”

“ஈரத் துணிப் பாரம். அதிலதானே காயப்போடுறன்.”

“அது மலையைப் பாக்கிற கயிறெல்லோ? நீ கொடியாக்கிப்போட்டாய்.”

“இந்த மழைக்கு வேற எங்க போடுறது? உங்கட வன்னி வெயிலைப் பார்சல்ல அனுப்புங்கோ.” சிரித்தாள். “இப்ப நீல நைலோன் கயிறு கட்டியிருக்கன். இனி அறாது.”

கிருபனும் சிரித்தான்.

அன்று பின்னேரம் மலை இறங்கியது. தாயையும் பிள்ளையையும் மண் திருப்பித் தரவில்லை.

மாசி வெயிலில் ஒருநாள், கிருபனின் முற்றத்துக் கொடி தொய்ந்தது. அதில் ஒரு துணியும் இல்லை. ஆனாலும் பாரம் தொங்குவதுபோல நடுவில் தாழ்ந்து கிடந்தது. கீழே காய்ந்த மண்ணில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. தேயிலைக் கொழுந்தின் பச்சை வாசம் எழுந்தது.

“ஒண்டும் போடேல்லையேப்பா” என்று மனைவி சுமித்திரா முணுமுணுத்தாள்.

கயிறு மெல்ல நிமிர்ந்தது.

விறைத்தது.

அறுந்தது.

மறுநாள் விடிய, அறுந்த இடத்தில் நீல நைலோன் துண்டு ஒன்று வைத்து முடியப்பட்டிருந்தது. அப்படியொரு கயிறு அந்த வீட்டில் இருந்ததில்லை.

அன்றும் அறுந்தது. விடிய முடிச்சு.

அடுத்த முறை அறுந்தபோது கிருபன் கொடிக்குக் கீழே குந்தினான். அழுகை வரவில்லை. நாற்றுக்குத் தண்ணீர் விடச் சொல்வதுபோலத்தான் சொன்னான்.

“கட்டாத, தங்கச்சி. அறுந்தது அறுந்ததாக் கிடக்கட்டும். சட்டையை விடு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியில வா.”

மிக அருகில் யாரோ சிரித்தார்கள். தொலைபேசிக்குள் கேட்ட அதே சிரிப்பு.

காலையில் புதிய முடிச்சு இருந்தது. ஈரமாக.

முற்றத்தில் கொடி கட்டிய கட்டைகள் இரண்டும் நட்ட இடத்தைவிட்டு அசையவில்லை. நிலம் ஒரு வெடிப்புமில்லாமல் மட்டமாகவே கிடந்தது.