பழைய எண், புதிய எண்

செவ்வாயில் ஒரு பெண்ணுக்கு ஒரு பையனைப் பிடித்துப்போனால், இருவரும் முதலில் உறவாய்விக்கு முன்னால் போய் நின்று, பூமியில் முன்னோர்கள் குடியிருந்த முகவரியை ஒப்பிக்க வேண்டும். கைகோத்துக்கொண்டு நடப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இதை அங்கே யாரும் விநோதமாக நினைப்பதில்லை. வெளியே கிளம்பும்போது காற்றுப்பையைச் சரிபார்ப்பது மாதிரி இதுவும் ஒரு பழக்கம்.

காரணம் இருக்கிறது. குடியேற வந்த முதல் தலைமுறைக்கு, கதிர்வீச்சைத் தாங்கும்படி மரபணுவைத் திருத்தியிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே திருத்தம். அதன் பிறகு ரத்தத்தைச் சோதித்தால் ஊரே அண்ணன் தங்கையாகத் தெரிந்தது. வேறு வழியில்லாமல் உறவாய்வி என்ற இயந்திரத்தைச் செய்து, பழைய குடியேற்றப் பதிவுகளையெல்லாம் அதன் தலையில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு குடும்பங்களும் பூமியில் ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டவை என்றால், ஒரே ரத்தம் என்று அது முடிவு கட்டிவிடும். கல்யாணம் கிடையாது.

மற்றபடி செவ்வாய்க்காரர்கள் கல்யாண விஷயத்தில் தாராளமானவர்கள். ஜாதகத்தை முதல் விண்கலத்திலேயே ஏற்றாமல் விட்டுவிட்டு வந்தவர்கள். குடியிருப்பதே செவ்வாயில் என்றான பிறகு, செவ்வாய் தோஷம் என்று யாரைத் தள்ளிவைப்பது?

காற்று உற்பத்தி நிலையத்தில் பொறியாளராக இருந்த அறவாழிக்கு இதில் மிகுந்த பெருமை. மனைவி போன பிறகு மகள் நறுமுகையைத் தனியாளாக வளர்த்தவர். பக்கத்துக் குடியிருப்புக் குமிழியில் கீரை வளர்க்கும் திருமாறனைப் பிடித்திருக்கிறது என்று அவள் வந்து சொன்னபோது, "நல்லா சாப்பிடுவானாம்மா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். திருமாறனின் அப்பா நன்மாறனும் சளைத்தவரில்லை. தேடி வந்து உட்கார்ந்து, இரண்டு குவளை தேநீர் குடித்துவிட்டு, "பிள்ளைங்களுக்குப் பிடிச்சாச் சரிங்க, நமக்கென்ன?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

உறவாய்விதான் சிரிக்கவில்லை.

"பெண் வீட்டார், 12, வேம்படித் தெரு, சென்னை. பையன் வீட்டார், 12, வேம்படித் தெரு, சென்னை. ஒரே வீடு. அனுமதி இல்லை" என்றது.

நறுமுகை வீட்டுக்கு வந்து முகமூடியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். "அவன் எனக்கு அண்ணன் முறையாம்ப்பா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அறவாழி ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் அவரைப் போட்டு வதைத்தது. மறுநாளே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்னையின் பழைய தெரு வரைபடங்களைத் தேட ஆரம்பித்தார்.

தேடத் தொடங்கிய பிறகுதான் அதிலிருந்த சிக்கல் புரிந்தது. சென்னையில் பாதி கடலுக்குள் போய் நெடுங்காலம் ஆகிவிட்டது. அங்கே கடைசியாக வாழ்ந்தவர்களோ வரைபடம் என்ற ஒன்றைக் கையால் தொட்டதே இல்லை. பைக்குள் இருந்த கருவி அம்புக்குறி காட்டியது, அவர்கள் அதன் பின்னால் போனார்கள். கருவிகள் செத்தபோது தெருக்களும் கூடவே போய்விட்டன. அதற்கும் முந்தைய காலத்துக் காகித வரைபடங்கள்தான் மிஞ்சியிருந்தன. அவை பூமியில், திருச்சியில், ஒரு காப்பகத்தில் இருந்தன.

காப்பகத்தைப் பார்த்துக்கொண்டவர் செண்பகவல்லி என்ற அம்மாள். செவ்வாயிலிருந்து ஒரு கேள்வி போய், பதில் வந்து சேர்வதற்குள் இங்கே ஒரு உலை சோறு வெந்துவிடும். அறவாழி பொறுமையாகக் கேட்டார். அந்த அம்மாளும் பொறுமையாகத் தேடினார். முதலில் அனுப்பியது வேறொரு வேம்படித் தெரு. அடுத்ததும் வேறொன்று. சென்னையில் வேப்பமரம் நின்ற இடமெல்லாம் வேம்படித் தெருவாக இருந்திருக்கிறது.

ஒருநாள் செண்பகவல்லியின் குரலில் உற்சாகம் தெரிந்தது. "அண்ணே, தெரு கிடைச்சிருச்சு. இதுல ஒரு கூத்து பாருங்க. சென்னைல ஒரு வீட்டுக்கு ரெண்டு நம்பர் இருந்திருக்கு. பழைய எண்ணு, புதிய எண்ணுன்னு போட்டிருக்காங்க. முதல்ல மேற்குலருந்து எண்ணிக்கிட்டு வந்திருக்காங்க. பின்னாடி எவனோ வந்து கிழக்குலருந்து எண்ணியிருக்கான். ரெண்டையும் வாசல்லயே எழுதி வச்சிக்கிட்டு, ஜனங்களும் அப்படியே காலத்த ஓட்டியிருக்காங்க. ஆக, இந்தத் தெருவுல பன்னெண்டாம் நம்பர் வீடு ரெண்டு இருக்குண்ணே!"

அறவாழி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். செவ்வாயில் ஈர்ப்பு குறைவு. தலை கூரையில் இடித்துக்கொண்டது. அவருக்கு அது உறைக்கவே இல்லை.

குடியேற்றப் பதிவைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தார்கள். அறவாழியின் குடும்ப முகவரிக்குக் கீழே 'பால் பூத் எதிரில்' என்று இருந்தது. திருமாறன் குடும்பத்துக்கு 'தண்ணீர்த் தொட்டி பின்புறம்'. தெரு, எண் எல்லாம் சொன்ன பிறகும் 'எதிரில்', 'பின்புறம்' என்று ஒன்றைச் சேர்க்காவிட்டால் அந்தக் கால மனிதர்களுக்குத் திருப்தி வராதுபோலும். உறவாய்வி அந்த வரிகளைக் குப்பை என்று ஒதுக்கியிருந்தது. வரைபடத்தில் பால் பூத்தும் இருந்தது, தொட்டியும் இருந்தது. ஆளுக்கொரு மூலையில். எந்த மூலை யாருக்கு என்று பார்க்க அந்த அவசரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

"ஏற்றுக்கொள்கிறேன்" என்றது உறவாய்வி. "பெண் வீட்டாரின் வீடு கீழக்கோடி, புதிய எண் பன்னிரண்டு. பையன் வீட்டாரின் வீடு மேலக்கோடி, பழைய எண் பன்னிரண்டு. இரண்டு குடும்பங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அனுமதி உண்டு."

ஏற்றுக்கொள்கிறேன் என்ற சொல்லைக் கேட்டதுமே நறுமுகை ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். மேற்கொண்டு அது சொன்ன கோடியும் எண்ணும் அறவாழியின் காதில் ஏறவில்லை. இத்தனை நாள் அலைச்சலும் அந்த நொடிக்குத் தகும் என்று நினைத்துக்கொண்டார்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் செண்பகவல்லிக்குக் கை தாராளம். கல்யாணப் பரிசாக, அதே தெருவின் இன்னும் பழைய வரைபடம் ஒன்றை இரண்டு வீட்டுக்கும் அனுப்பிவைத்தார்.

அறவாழி அதைச் சுவர் முழுக்க விரித்துப் பார்த்தார். புதிய எண்கள் வருவதற்கு முந்தைய காலத்தது. அதில் பன்னிரண்டு ஒன்றே ஒன்றுதான், மேலக்கோடியில் இருந்தது. "இதோ நம்ம வீடு" என்று விரலை வைத்தார். கண் கலங்கியது. அப்போதுதான் தெருவின் பெயரைக் கவனித்தார். 'வேம்படி'க்கும் 'தெரு'வுக்கும் நடுவே ஒரு சொல் இருந்தது. கீழக்கோடியில் அதே இடத்தில் வேறொரு சொல். மரத்தின் பெயராக இருக்குமோ என்று செண்பகவல்லியிடம் கேட்டார்.

சோறு வெந்தது. பதில் வந்தது. "அது அங்க குடியிருந்தவங்க சாதிப் பேருண்ணே. அப்புறம் பலகையிலருந்து அழிச்சிட்டாங்க. நீங்களும் அதக் கண்டுக்காம விட்டிருங்க."

கண்டுகொள்ளாதே என்று சொன்னால் எந்த மனிதன் விட்டிருக்கிறான்? அறவாழி வீட்டிலிருந்த பேசுதிரையிடம் சாதி என்றால் என்ன என்று விசாரித்தார். அது தன் வழக்கப்படி விருப்புவெறுப்பில்லாமல் விளக்கியது. சிலர் மேலே என்றும் சிலர் கீழே என்றும் சொல்லிக்கொண்டார்கள், எதனால் என்பதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை என்றது. "இந்தத் தெருவில் யார் மேலே?" என்று கேட்டார். மேலக்கோடி என்றது.

காலைவரை அப்படி ஒரு சொத்து தமக்கு இருப்பதே அறவாழிக்குத் தெரியாது. மத்தியானத்துக்குள் அது கைவிட்டுப் போய்விடுமோ என்ற கவலை வந்துவிட்டது. கண்ணாடியில் தம் மூக்கைப் பார்த்துக்கொண்டார். முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது. திருமாறன் கொடுத்தனுப்பிய கீரை சமையலறையில் இருந்தது. அதை ஏனோ கொஞ்சம் தள்ளிவைத்தார்.

நறுமுகை மாலைக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கொஞ்சம் யோசிக்கலாமா?" என்றார் அறவாழி.

"எதைப்பா?"

"இல்ல... நாம வேற பக்கம், அவங்க வேற பக்கம்."

அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "அதை நிரூபிக்கத்தானேப்பா இத்தனை நாளா அலைஞ்சீங்க?"

நல்லவேளையாக வாசல் மணி அடித்தது. வந்தது நன்மாறன். பின்னால் முகம் சுண்டிப்போய்த் திருமாறன். நன்மாறன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தேநீர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. வரைபடத்தைப் பார்த்தேன். கொஞ்சம் யோசிக்கலாம்னு..."

"அதையேதான் நானும் இவகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார் அறவாழி. "உங்களுக்கே சங்கடமா இருக்கும் இல்லையா, எங்க பக்கம் வந்து போக?"

"எங்களுக்கு என்னங்க சங்கடம்? உங்களுக்குத்தானே?"

இருவரும் ஒருவரையொருவர் இரக்கத்தோடு பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவருக்கும் ஒரே நேரத்தில் சந்தேகம் வந்தது. பேசுதிரை வழியாக உறவாய்வியை அழைத்தார்கள்.

"மேலக்கோடி வீடு யாருடையது?"

"பழைய எண் பன்னிரண்டு. நன்மாறன் குடும்பத்தாருடையது. அறவாழி குடும்பம் கீழக்கோடி, புதிய எண் பன்னிரண்டு. முன்பே தெரிவித்திருக்கிறேன்."

அறவாழியின் மூக்கு பழைய அளவுக்குத் திரும்பியது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்தப் பழங்கதையெல்லாம் இப்ப எதுக்குங்க? நாம செவ்வாய்க்காரங்க. மனுஷனுக்கு மனுஷன் என்ன மேல, கீழ? பிள்ளைங்களுக்குப் பிடிச்சாச் சரிங்க, நமக்கென்ன?"

"அது சரிதாங்க" என்று நன்மாறன் இழுத்தார். "இருந்தாலும்..."

உறவாய்வி இன்னும் இணைப்பில்தான் இருந்தது. "ஓர் ஐயம்" என்றது. "இரண்டு தகப்பனார்களின் பேச்சும் நினைப்பும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகின்றன. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் என்று கருத இடமிருக்கிறது. அனுமதியை மறுபடி பரிசீலிக்கட்டுமா?"

"வேணாம்" என்று நறுமுகை எழுந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஒன்றுதான் அறவாழிக்குத் தாங்க முடியாமல் இருந்தது. திருமாறனின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் திரைக்கு முன்னால் போய் நின்றாள். "அனுமதி ஏற்கெனவே கையில இருக்கு. கல்யாணத்தைப் பதிஞ்சிடு. எங்களுக்கு ஒரு வீடும் வேணும்."

"வடக்குக் குமிழியில் காலியாக இருக்கிறது" என்றது உறவாய்வி. "முகவரிப் பலகையில் எதையெல்லாம் எழுதட்டும்?"

"புதிய எண் மட்டும் போதும்" என்றாள் நறுமுகை.