தட்டாமல் திறந்த கதவு

"கதவைத் தட்டத் தெரியாதா உங்களுக்கு?"

அவள் போட்ட சத்தத்தில் அவன் கையிலிருந்த போஸ்டர்கள் நழுவி விழுந்தன. மேலே கிடந்ததில் கொட்டை எழுத்தில் 'கண்ணியம்' என்றிருந்தது. வெளியே மழை கொட்டியது. அவளுக்கோ உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அந்தக் குழந்தைகள் இல்லத்தில் அவள் காப்பாளர். மூக்குக்கு மேல் கோபம் வருவதால் பிள்ளைகள் வைத்த பெயர் மிளகா அக்கா. அவன், ஊழியர்கள் எந்த நெறிகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று கூடிப் பேசி முடிவுசெய்யும் கூட்டத்தை நடத்த வந்த பயிற்சியாளர். கூட்டத்துக்கு முன்பே சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டிக்கொண்டு வந்தவன், கடைசி அறைக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டான். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த சின்னப் பெண் அலறியடித்துக் குளியலறைக்குள் ஓடித் தாழிட்டுக்கொண்டாள்.

"சாரிங்க... யாரும் இல்லைனு நினைச்சேன்."

"நினைச்சீங்களா? அவ முன்னாடி இருந்த வீட்டுல கதவு திறந்தாலே அடிதான். இப்பத்தான் பயமில்லாமத் தூங்கவே ஆரம்பிச்சா. எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே!"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அகலமான கண்கள்... திட்டு வாங்கியும் விலகாத கண்கள். 'பார்வையைப் பாரு' என்று உள்ளுக்குள் கறுவினாள். ஒரு நொடி மூச்சு தடுமாறியதற்கும் அவன் மேலேயே கோபம் வந்தது.

சத்தம் கேட்டு நிர்வாகி அம்மாள் வந்தார். "மறுபடியும் தாழ்ப்பாளா? அடங்காத பிள்ளைம்மா இது. கூட்டம் முடிஞ்சதும் வேற இல்லத்துக்கு அனுப்பிடறேன்."

"மேடம், தப்பு இவரோடது..."

"வந்தவங்ககிட்ட கத்தாத. கூட்டத்துக்கு வா."

அனுப்பிவிடுவாராம்! எத்தனை இடம்தான் மாறும் அந்தப் பிள்ளை? சமையல்காரம்மாவைக் குளியலறை வாசலில் காவல் வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

சாப்பாட்டு அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். அன்பு, நேர்மை, பொறுமை என்று ஆளுக்கொரு நெறியை ஒப்பித்தார்கள். அவள் முறை வந்தது.

"கதவைத் தட்டறது" என்றாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"தட்டிட்டு, உள்ளேயிருந்து பதில் வர்ற வரைக்கும் நிக்கறது. அது கூட முடியலைன்னா கண்ணியத்தைச் சுவத்துல ஒட்டி என்ன புண்ணியம்?"

"அப்புறம் கண்காணிக்கிறது எப்படி?" என்று நிர்வாகி சீறினார். "அந்தப் பொண்ணு பண்றதைப் பார்த்தியா?"

அவன் எழுந்தான். இதோ, மேடத்துக்கு ஜால்ரா தட்டப்போகிறான் என்று நினைத்தாள்.

"மேடம், அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணலை. நான்தான் தட்டாமத் திறந்தேன். பயந்து ஓடின குழந்தையை அடங்காதவள்னு அனுப்பினீங்கன்னா, இந்த வேலையை நான் முடிச்சுத் தரமாட்டேன். அரசாங்கத்துலேர்ந்து ஆய்வுக்கு வர்றவங்க கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்."

"அப்புறம் எங்க இல்லம் எதிலயும் உங்களுக்கு வேலை கிடைக்காது."

"கிடைக்காமப் போகட்டும்."

இரவுப் பணிக்கார அக்கா மெல்ல வாயைத் திறந்தாள். "நானும் தட்டினதில்ல மேடம்..." பக்கத்திலிருந்தவர், "நானும்தான்" என்றார். நிர்வாகியின் முகம் கறுத்தது. "சரி, சரி. இங்கேயே இருக்கட்டும்" என்று எழுந்து போய்விட்டார்.

அவளுக்கு அப்போதும் ஆறவில்லை. அவனை வழிமறித்தாள்.

"எல்லார் முன்னாடியும் நல்ல பேர் வாங்கியாச்சு. அவகிட்ட யார் மன்னிப்பு கேக்கறது?"

அவன் அவளோடு வந்தான். அறைக் கதவைத் தட்டினான். சமையல்காரம்மா எட்டிப் பார்த்தாள். அவன் வாசலிலேயே நின்று குரல் கொடுத்தான்.

"பாப்பா... தட்டாம வந்தது என் தப்பு. அது உன்னோட அறை. மன்னிச்சுக்கோ."

குளியலறையிலிருந்து கோபமாக ஒரு குரல். "போங்க!"

"சரிம்மா." மறு பேச்சில்லாமல் திரும்பி நடந்தான். சாக்கு இல்லை, சமாதானம் இல்லை. அவன் காலடிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் தாழ்ப்பாள் திறந்தது.

பிள்ளையைச் சாப்பிட உட்கார வைத்துவிட்டு அவள் குடையோடு ஓடி வந்தபோது, அவன் வெளி கேட் அருகே தொப்பலாக நனைந்து நின்றிருந்தான்.

"பைத்தியமா உங்களுக்கு? உள்ள வந்து நிக்கறதுதானே?" குடையை அவன் தலைக்கு மேல் நீட்டினாள்.

"வந்தா திட்டுவீங்களே... அவ வெளிய வந்தாளா?"

"வந்துட்டா. சாப்பிடறா."

அவன் கண்கள் கலங்கின... இல்லை, மழைதானோ?

"ஒண்ணு சொல்லணும்" என்றான். "நீங்க திட்டினப்பவே உங்களை எனக்குப் பிடிச்சுப்போச்சு. இன்னிக்குச் சொல்ற விஷயமில்லைதான். வேண்டாம்னு சொல்லுங்க, போயிடறேன்."

"போயிடுவீங்க! தெரியுமே! அதான் கோபம் கோபமா வருது."

"ஏங்க?"

"போகச் சொல்ல எனக்கு வாய் வரலையே..."