இரைச்சலுக்கு அடியில்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்தது அந்த ஓட்டு வீடு. மெக்கானிக் கோபிநாத் போய்ச் சேர்ந்தபோது காலை பதினொரு மணி. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளறையில் மட்டும் ஈரச் சேற்றின் வாடை.

மேசைமேல் வீட்டுக்காரி நர்மதாவின் மாமனார் வாங்கிய வால்வு ஆம்ப்ளிஃபயர் இருந்தது. சுவரோரம் மரப்பெட்டி ஸ்பீக்கர்.

"ஏனுங்கக்கா, என்ன கம்ப்ளெயிண்டுங்க?"

"இரைச்சலுங்க தம்பி. அது போனாப் போதும்."

சுவிட்சைப் போட்டாள். வால்வுகள் சூடேறியதும் கனத்த இரைச்சல் எழுந்தது. அதற்கு அடியில் யாரோ முணுமுணுப்பது போல் இருந்தது. ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கரைத் தவிர வேறெதுவும் செருகியிருக்கவில்லை.

"ஜீவிதா," என்று கிசுகிசுத்தாள் நர்மதா. "ரெண்டு வருசம் முன்னால வாய்க்கால்ல முழுகிப் போனாளே, எம் பொண்ணு. தெனமும் பேசறா. என்ன சொல்றான்னுதான் வெளங்கல."

ஏதோ ரேடியோ ஸ்டேஷன் கசிகிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல மனம் வரவில்லை.

அடிமூடியைக் கழற்றினான். இரைச்சலை வடிகட்டும் பவர் சப்ளை கண்டென்சர்கள் இரண்டும் உப்பிக் கசிந்திருந்தன. பதினாறு மைக்ரோஃபாரட், முந்நூற்றைம்பது வோல்ட். அந்த அளவு இப்போது கடையில் கிடைப்பதில்லை. மிகப் பெரிதாகப் போட்டால் ரெக்டிஃபயர் வால்வு தாங்காது. பையில் இரண்டு வகை இருந்தன: கைவசம் கிடந்த பழைய சரக்கு; கோவையில் வாங்கிய புதியது, இருபத்திரண்டு மைக்ரோ, நானூற்றைம்பது வோல்ட். பழையதைப் போட்டால் கொஞ்சம் இரைச்சல் மிஞ்சும் என்று அவளிடம் சொன்னான்.

"நல்லதாவே போடுங்க தம்பி. எம் பொண்ணு கொரலுங்க."

நல்லதையே போட்டான்.

சுவிட்சைப் போட்டதும் இரைச்சல் சுத்தமாகப் போயிருந்தது.

"நர்மதா... இன்னும் பக்கத்துல வா."

ஆணா பெண்ணா என்று தெரியாத குரல். தொண்டைக்குள் சேறு குழம்புவது போல.

நர்மதா ஸ்பீக்கரை விட்டு விலகினாள். "இது எம் பொண்ணு இல்லீங்க."

அந்தக் குரலுக்குப் பின்னால், வெகுதூரத்தில், ஒரு சிறுமி அழுதாள்.

கோபிநாத் பிளக்கைப் பிடுங்கினான். கழற்றிய கண்டென்சர்களைத் திரும்ப மாட்டிப் பழைய இரைச்சலையே கொண்டுவரப் பார்த்தான். ஒன்றின் கம்பி வேரோடு கையில் வந்துவிட்டது.

"அக்கா, எங்கூட வந்துருங்க. உங்கண்ணன் ஊட்டுல உட்டறனுங்க."

"அவ அதுகிட்ட இருக்கறா. தனியா உட்டுப்போட்டு எங்கீங்க வர்றது?"

கெஞ்சினான். அவள் எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் அவன் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

ஐந்தாம் நாள் அவளுடைய அண்ணன் சென்னிமலை போன் செய்தார். ஸ்பீக்கரில் காதை வைத்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டாளாம்.

"வாய்க்கால்ல தண்ணியே இல்லீங்க. ஆனா சேலையெல்லாம் நனஞ்சு சொட்டுதுங்க. அந்தப் பொட்டிய நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க."

தகனம் முடிந்த மத்தியானம் கோபிநாத் போனான். அறைக்குள் ஒருவரும் இல்லை. பிளக் தரையில் கிடந்தது.

வால்வுகள் சிவந்து எரிந்துகொண்டிருந்தன.

குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தான்.

இப்போது இரண்டு பேர் அழுதார்கள்.