சேமியாவின் மேல் விழுந்த பழி

“என்னடிம்மா ஹாஜிரா, ஆத்துல பூனை குட்டி போட்டிருக்கா?”

வாசற்படியைத் தாண்டியதும் மரகதவல்லி மாமி கேட்ட முதல் கேள்வி இதுதான். ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, காவிரியைத் தாண்டி, திருச்சிப் பெரிய கடைவீதிச் சந்துக்கு வந்திருந்தார். பைக்குள் மாம்பழ நிறத்தில் பட்டுத்துணி. மகள் ஜாஹ்னவிக்கு ரவிக்கை தைக்க வேண்டும்.

அல்ஷிஃபாவின் அம்மா ஹாஜிரா, தையல் மெஷினை விட்டு அவசரமாக எழுந்தார்.

“குட்டியெல்லாம் இல்ல மாமி. ஒரே ஒரு பூனைதான். உட்காருங்க.”

“உட்காரலாம். மூச்சை விட்டுண்டு உட்காரணுமா, பிடிச்சுண்டு உட்காரணுமா?”

மூலையில் இருந்த அல்ஷிஃபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா பார்த்த பார்வையில் அது உடனே போய்விட்டது. அவள் மடியில் சேமியா சுருண்டு படுத்திருந்தது. வெள்ளைப் பூனை. குட்டியாக வந்தபோது மெலிந்து, வெளுத்து, சேமியா மாதிரியே இருந்தது. இப்போது குண்டாகிவிட்டது. பெயர் மட்டும் மெலிந்தே இருக்கிறது.

“கோவிச்சுக்காதேம்மா,” என்றார் மாமி. “பட்டுல வாடை ஏறினா போகாது. அதான் சொன்னேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்.”

மாமி போனதும் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“கேட்டியா? போன வாரம் ஒரு அக்கா சுடிதாரை மோந்து பார்த்துட்டு ஒண்ணுமே சொல்லாமப் போனாங்க. இன்னைக்கு மாமி வாய்விட்டே சொல்லிட்டாங்க. இப்படியே போனா எனக்கு யாரு துணி குடுப்பாங்க?”

“அம்மா, சேமியா கொல்லையில மணல் தட்டுலதான் போறா. தினமும் நான்தானே மாத்துறேன்?”

“அப்ப இந்த வாடை யாரோடது? உங்க அத்தாவோடதா?”

“என்னைக் கூப்பிட்டீங்களா?” என்று கேட்டபடி அத்தா ஜமால் உள்ளே வந்தார்.

அத்தாவுக்கு அத்தர் கடை. பகல் முழுக்க ரோஜா, மல்லிகை, சந்தனம் என்று முகர்ந்து முகர்ந்து, வீட்டுக்கு வரும்போது அவருடைய மூக்கு லீவு போட்டுவிடும். எந்த வாடையும் அவருக்குத் தெரியாது.

“இதுக்கா கவலைப்படுறீங்க? ரோஜா அத்தர் ரெண்டு சொட்டு. அவ்வளவுதான்!” என்று திரைச்சீலையில் தடவினார்.

அம்மா முகர்ந்து பார்த்தார். “ரோஜாத் தோட்டத்துக்குள்ள பூனை போன மாதிரி இருக்கு.”

அடுத்து மல்லிகை. பிறகு அம்மாவே தரையைப் பினாயில் போட்டுத் துடைத்தார். ஆஸ்பத்திரிக்குள் பூனை போன மாதிரி இருந்தது.

அத்தா சளைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே இரும்பு ஸ்டாண்டில் நின்ற ஏர்கூலரைப் பார்த்தார். அது அவருடைய செல்லம். வைக்கோல் தட்டியை எடுத்துவிட்டு, அவரே தேடி வாங்கிய வெட்டிவேர்த் தட்டியை அதில் மாட்டியிருந்தார். கொல்லைப்பக்கமாகப் போய், கூலர் தண்ணீரில் சந்தன அத்தரைக் கவிழ்த்துவிட்டு வந்தார்.

“இப்ப போடு ஸ்விட்ச்சை!”

கூலர் ‘புஸ்’ என்று ஊதியது.

“யா அல்லாஹ்!” அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டார். சேமியா அடுக்கடுக்காகத் தும்மியது.

வெளியே நின்றபடியே அம்மா தீர்ப்புச் சொன்னார். “ஞாயித்துக்கிழமை வையம்பட்டியில இருந்து ஹாலித் மாமு வராரு. சேமியாவை அவர்கிட்ட குடுத்துடுவோம். அங்க தோட்டம் இருக்கு. எலி இருக்கு. நல்லா இருப்பா.”

அல்ஷிஃபா சேமியாவை வாரி எடுத்துக்கொண்டாள்.

“அங்க நான் இருக்க மாட்டேனேம்மா.”

அம்மா முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தார். பிறகு, “சரி. அதுக்குள்ள வாடை போகட்டும். மரகதவல்லி மாமி உள்ள வந்து மூக்கைச் சுளிக்காம இருந்தாங்கன்னா, சேமியா இங்கேயே இருக்கட்டும். என் மூக்கு பழகிப்போச்சு, உங்க அத்தா மூக்கை நம்ப முடியாது. மாமி மூக்குதான் கணக்கு,” என்றார்.

அன்றே அல்ஷிஃபா வேலையைத் தொடங்கினாள். அத்தா கடையில் ஒரு வழக்கம் உண்டு. நாலைந்து அத்தர் முகர்ந்ததும் வாடிக்கையாளருக்கு மூக்கு குழம்பிவிடும். உடனே அத்தா காப்பிக்கொட்டைக் கிண்ணத்தை நீட்டுவார். அதை ஒரு இழுப்பு இழுத்தால் மூக்கு மறுபடி புதுசு.

அல்ஷிஃபா சமையலறையிலிருந்து காப்பிப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டாள். மெத்தையை முகர்ந்தாள். காப்பி. மெஷினுக்கு அடியில் முகர்ந்தாள். காப்பி. செருப்பு ஸ்டாண்டை முகர்ந்தாள். அங்கே மட்டும் ரெண்டு தடவை காப்பி. பின்னாலேயே சேமியாவும் ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டு வந்தது.

“காப்பிப்பொடியை எங்கடி காணோம்?” என்று அம்மா சத்தம் போட்டார்.

“துப்பறியப் போயிருக்கும்மா!”

துணி வாசனை இருந்தது, தூசி இருந்தது, அத்தர் எல்லா இடத்திலும் இருந்தது. பூனை வாடைக்கு மட்டும் ஓர் இடம் அகப்படவே இல்லை. எங்கோ இருந்து வந்து வீடு முழுக்கப் பரவுகிறது. எங்கிருந்து?

சனிக்கிழமை மின்வாரியத்தில் பராமரிப்பு வேலை. காலையிலேயே கரண்ட் போய்விட்டது. மத்தியானம் திருச்சி வெயில் கூரையைத் தட்டியது. அம்மா விசிறியால் வீசிக்கொண்டே மாமியின் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். சேமியா அவர் காலடியில் காலை நீட்டிப் படுத்திருந்தது.

அல்ஷிஃபா திடீரென்று நிமிர்ந்தாள்.

“அம்மா, வாடை எப்ப அதிகமா இருக்கும்?”

“மத்தியானம்தான். இவ வீட்டுக்குள்ள வந்து படுக்குற நேரம்.”

“இப்ப மத்தியானம். சேமியா உள்ளதான் இருக்கா. வாடை எங்க?”

அம்மா ஊசியை நிறுத்தினார். இழுத்து முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார்.

“அட, ஆமா புள்ள. காணோமே!”

“கரண்ட்டோட சேர்ந்து போயிடுச்சு!”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஃபேன் சுற்றியது. கரண்ட் வந்துவிட்டது. கூலர் ‘புஸ்’ என்று ஊதியது. வாடை வந்து முகத்தில் மோதியது.

அல்ஷிஃபா ஓடிப்போய்க் கூலரை நிறுத்தினாள். கொஞ்சம் கொஞ்சமாக வாடை குறைந்தது. போட்டாள். வந்தது. நிறுத்தினாள். குறைந்தது.

“போதும்டி, நம்பிட்டேன்!” என்றார் அம்மா. “வா, பின்னால போய்ப் பார்ப்போம்.”

கொல்லையைச் சுற்றி, கூலர் நிற்கிற குறுகலான முடுக்குக்குப் போனார்கள். தண்ணீர் ஊற்ற அத்தா மட்டும்தான் காலையில் அந்தப் பக்கம் போவார். மத்தியானத்தில் யாரும் போவதில்லை. யாரும் என்றால் மனிதர்கள்.

கூலரின் மேல் ஒரு கடுவன் பூனை படுத்திருந்தது. பழுப்பு நிறம், கிழிந்த காது, பெரிய தலை. மாப்பிள்ளை மாதிரி சாய்ந்து கிடந்தது. இவர்களைப் பார்த்ததும் ஓடவில்லை. மெதுவாக எழுந்து சோம்பல் முறித்தது. திரும்பி நின்று வாலைத் தூக்கி, அத்தாவின் வெட்டிவேர்த் தட்டியின் மேல் ‘சர்’ரென்று பீச்சியது.

“அடப் படவா!” என்று அம்மா கத்தினார். அதன் பிறகுதான் அது சுவரேறிக் குதித்தது.

அல்ஷிஃபா கைதட்டிக் குதித்தாள். “பார்த்தியாம்மா! சேமியா இல்ல! சேமியா இல்லவே இல்ல!”

“உள்ள ஒரு பூனை இருக்குன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. இது என் இடம்னு முத்திரை குத்துது. அந்த முத்திரையை இந்தக் கூலர் வீடு பூரா ஊதுது!” அம்மாவுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. உள்ளே போனதும் சேமியாவைத் தூக்கித் தலையைத் தடவினார். “உன் மேல பழி போட்டுட்டேனே, என் தங்கமே.”

சேமியா கொட்டாவி விட்டது.

அத்தாவிடம் சொன்னபோது அவர் நெஞ்சில் கை வைத்தார். “என் வெட்டிவேர் மேலயா?”

“அம்மா, மீன் சட்டி நாத்தம் போக நீ என்ன ஊத்துவ?” என்று அல்ஷிஃபா கேட்டாள்.

“வினிகர்.”

“அப்ப இதுக்கும் அதே!”

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரைத் தனித்தனியாகக் கழற்றினார்கள். தண்ணீரையும் அத்தரையும் கொட்டினார்கள். வினிகர் கலந்த தண்ணீரால் தேய்த்துக் கழுவி, மொட்டை மாடியில் மலைக்கோட்டையைப் பார்த்தாற்போல் காய வைத்தார்கள். திரைச்சீலைகளும் மெத்தை விரிப்புகளும் வெயிலுக்குப் போயின. அத்தா புதுத் தட்டி வாங்கி வந்தார். கூலரின் மேலும் பின்னாலும் கம்பிவலை கட்டினார்.

“பழைய தட்டியைக் குப்பையில போடுறேன்,” என்றார்.

“வேண்டாம் அத்தா,” என்றாள் அல்ஷிஃபா. “அவனுக்கும் வெயில்தானே? இந்தத் தெருவுல குளுகுளுன்னு இருந்தது அந்த ஒரு இடம்தான். அதையும் பிடுங்கிட்டா எங்க போவான்?”

பழைய தட்டியை முடுக்கின் மறுகோடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் விரித்தாள். ஒரு குவளைத் தண்ணீர் தெளித்தாள். சுவர்மேல் இருந்த கிழிந்த காது லேசாகத் திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை மாலை. ஹாலித் மாமு கூடையோடு வந்து உட்கார்ந்திருந்தார். கூடையில் கொண்டுவந்த மாம்பழங்களை இறக்கிவைத்ததும், சேமியா தானாகவே அதற்குள் ஏறிப் படுத்துக்கொண்டது.

“பாரு, அதுவே கிளம்பிடுச்சு!” என்று மாமு சிரித்தார். அல்ஷிஃபா சிரிக்கவில்லை.

வாசலில் மாமியின் செருப்புச் சத்தம் கேட்டது. அத்தாவின் கை மெல்லச் சட்டைப் பைக்குள் போனது.

“அத்தா, கையை வெளிய எடுங்க. பாட்டிலை இங்க குடுங்க.”

“ஒரே ஒரு சொட்டு...”

“குடுங்க!”

மாமி உள்ளே வந்தார். கூலர் ஓடிக்கொண்டிருந்தது. நடுவீட்டில் நின்று மூச்சை இழுத்தார். நெற்றியைச் சுருக்கினார்.

“ஏதோ வாசனை வரதே.”

அல்ஷிஃபா கூடையின் பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். அம்மா அத்தாவைப் பார்த்தார். ‘நான் இல்லை’ என்று அத்தா தலையை ஆட்டினார்.

மாமி இன்னொரு தடவை இழுத்தார். முகம் மலர்ந்தது. “வெட்டிவேர்னா இது! எங்காத்துப் பானைத் தண்ணி மாதிரியே இருக்கே! ஹாஜிரா, எனக்கும் ஒரு தட்டி வாங்கித் தரச் சொல்லேன். ஆமா, அந்தப் பூனையை எங்கே காணோம்?”

“இங்கதான் இருக்கா மாமி! இங்கேயேதான் இருப்பா!” அல்ஷிஃபா போட்ட சத்தத்தில் சேமியா ஒரு கண்ணைத் திறந்து, மறுபடி மூடிக்கொண்டது.

“அப்ப என் கூடை?” என்றார் ஹாலித் மாமு.

“தூங்குறவளை எழுப்பக் கூடாது மாமு. கூடையை விட்டுட்டுப் போங்க!”

மாமி ரவிக்கையை எடுத்துக்கொண்டு போன பிறகு, அம்மா ஒரு குவளைத் தண்ணீரோடு முடுக்குக்குப் போனார். அல்ஷிஃபா கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள்.

பழைய தட்டியில் கடுவன் கால் மேல் கால் போட்டுப் படுத்திருந்தது. அம்மா அதற்குப் பக்கத்தில் தண்ணீரைத் தெளித்தார்.

“வாடகையெல்லாம் வேண்டாம், துரை,” என்று அதனிடம் மெதுவாகச் சொன்னார். “உன் முத்திரையை மட்டும் இங்கேயே வெச்சுக்கோ.”