அப்பாவுக்குப் பிடிக்காத கார்கள்

அப்பாவுக்கு எந்தக் காரும் பிடிக்கவில்லை.

முதல் கார் அகலம் அதிகம் என்றார். இரண்டாவது காரின் கதவு கனமாக இருக்கிறது என்றார். மூன்றாவது காரை ஓட்டி முடித்துவிட்டு, "என்னவோ சரியா வரல" என்று மட்டும் சொன்னார்.

வீட்டிலிருந்த பழைய காரோ இன்றைக்கா நாளைக்கா என்று இருமிக்கொண்டிருந்தது. அவர்கள் வீடு ஒரு மேட்டுத் தெருவின் உச்சியில் இருந்தது. மழை பெய்தால் தெருவே சேறாகிவிடும். பழைய கார் அடிவாரத்திலேயே அடம்பிடித்து நின்றுவிடும். மிளகும் அவள் தம்பி கடுகும் புத்தகப் பையைச் சுமந்து நடந்தே மேலே ஏறுவார்கள். இந்த வருட மழையும் வாசலுக்கு வந்துவிட்டது.

மிளகு, கடுகு என்பதெல்லாம் அம்மா வைத்த செல்லப்பெயர்கள். அம்மா ஒரு நர்ஸ். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்து வந்தார். காரை ஓட்டுவதும் அவர்தான். அப்பா பேக்கரியில் கேக் செய்பவர், பஸ்ஸில் போய் வருவார். போன கோடையில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. மருத்துவமனைக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை.

வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேச்சை எடுத்தாலே அப்பா அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். அடுப்பு எரியாவிட்டாலும் போவார்.

இன்று நான்காவது கார். ஹைபிரிட் எஸ்.யூ.வி. கார் கடையில் வேலை பார்க்கும் அக்கா சுற்றிக் காட்டினார்.

"இதுல பெட்ரோலும் இருக்கு, பேட்டரியும் இருக்கு. ஊருக்குள்ள மெதுவா போறப்ப பேட்டரியே பாத்துக்கும். மேடு வந்தா இன்ஜினும் சேர்ந்துக்கும். நாலு சக்கரமும் இழுக்கிறதால சேத்துல அவ்வளவு சீக்கிரம் வழுக்காது."

"நாலும் இழுத்தா ஆளுக்கு ஒரு பக்கம் போயிடாதா?" என்று கேட்டான் கடுகு.

"போகாது தம்பி. எல்லாம் சொன்ன பேச்சு கேக்கும்."

"அப்ப இது எங்க வீட்டுக் கார் இல்ல" என்றான் கடுகு.

அப்பா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினார்.

"சார், முதல்லயே வண்டி ரெடி ஆயிடுச்சு. இப்பதான் நீங்க அணைச்சீங்க" என்றார் அக்கா. அப்பா அசடு வழியச் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது என்று மிளகுக்குத் தோன்றியது.

கடைக்குப் பின்னால் ஒரு செங்குத்தான மண்பாதை இருந்தது. முந்தைய நாள் தூறலில் நன்றாகக் குழைந்து கிடந்தது. கார் அலட்டிக்கொள்ளாமல் அதில் ஏறி உச்சியில் நின்றது. "சூப்பர்!" என்று கத்தினான் கடுகு. மிளகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இந்தக் கார் அவருக்குப் பிடித்துவிடும் போலிருந்தது.

அப்போது அப்பா இருக்கையின் ஓரத்தில் கைவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினார். இருக்கை மேலே ஏறியது. இன்னும் ஏறியது. அவர் தலை கூரையில் இடித்தது. கழுத்தை மடக்கிக்கொண்டு முன்னால் எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு மேல ஏறாதா?"

"இவ்வளவுதான் சார். ஆனா உங்க உயரத்துக்கு நீங்க இறக்கித்தானே வைக்கணும்?"

"இல்லம்மா, இது பத்தாது. ரோடு சரியாத் தெரியாது."

"அப்பா, உங்க மண்டை கூரையைப் பேத்துக்கிட்டு வெளிய போகப்போகுது!" கடுகு விழுந்து விழுந்து சிரித்தான். அக்காவும் சிரித்துவிட்டார். மிளகுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றுபோனது.

முந்தைய மூன்று கார்களிலும் அப்பா இப்படித்தான் இருக்கையை ஏற்றிப் பார்த்தார். அப்பா சமையலறைக்குள் நுழையவே குனிய வேண்டிய ஆள். அவருக்கா ரோடு தெரியாது? வீட்டில் குள்ளம் அம்மாதான். மடித்த போர்வையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் கார் ஓட்டுவார்.

மிளகுக்குப் புரிந்துவிட்டது. அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் வேற்று மனிதர் முன்னால் சொல்லக் கூடாது.

"அக்கா, டயர்ல ஏதோ குத்தியிருக்கிற மாதிரி இருக்கு. கொஞ்சம் பாக்கறீங்களா?"

அக்கா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் இறங்கிப் போனார். மிளகும் இறங்கி வந்து அப்பாவின் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"அப்பா, அம்மாவுக்குத்தானே பாக்கறீங்க?"

எழுந்து போய்ப் பார்க்க அப்பாவுக்கு அங்கே அடுப்பு இல்லை.

"போர்வை போட்டா எட்டும்" என்றார் கடைசியில். "ஆனா அவளுக்கு முதுகு வலிக்கும். தினமும் எத்தனை வீட்டுக்குப் போகணும்..."

"இனிமே தினமும் ஓட்டப்போறது நீங்கப்பா."

அப்பா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. அம்மாவைக் கொண்டுபோன அன்றுகூட அவர் அழுது மிளகு பார்த்ததில்லை.

கடுகு இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் தலையை நீட்டினான். "அப்பா அழறாரா?"

"ஆமாடா."

"அப்ப நானும் அழலாமா?"

அப்பா கையை நீட்டினார். கடுகு முன்பக்கம் தாவி அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மிளகு அப்பாவின் தோளில் சாய்ந்தாள். வெளியே அக்கா நான்கு டயர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டு, மறுபடி முதல் டயரிலிருந்து தொடங்கினார்.

"எனக்குத் தெரியாம இல்ல மிளகு" என்றார் அப்பா. "ஆனா கார்ல ஏறி உக்காந்ததும், அவளுக்குச் சரியா வருமான்னுதான் கை தேடுது."

"எனக்கும் அப்படித்தான்ப்பா. ஸ்கூல் மணி அடிச்சதும் அம்மா நிப்பாங்கன்னு கேட்டுக்கு ஓடிடறேன்." இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா அவள் தலையைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"சீட்டை இறக்கட்டுமாப்பா?"

அப்பா தலையை ஆட்டினார். மிளகு பொத்தானை அழுத்தினாள். இருக்கை மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. அப்பாவின் கழுத்து நிமிர்ந்தது.

அக்கா ஜன்னல் அருகே வந்தார். "டயரெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "வண்டி எப்படி இருக்கு சார்?"

அப்பா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடுகின் தலைக்கு மேலாக எதிரே இருந்த பாதையைப் பார்த்தார்.

"எனக்குச் சரியா இருக்கும்மா" என்றார்.