தொப்பி கழற்றிய நால்வர்

அந்த மதிய விருந்தில் இருந்தவர்கள்: நாடாளுமன்ற உறுப்பினர் ரோலண்ட் ஆஷ்கோம்ப், அவருடைய தம்பி ஆம்ப்ரோஸ், இன்னொரு உறுப்பினரான ஜைல்ஸ் பெட்டிப்ளேஸ், போதகர் பார்னபி ட்ரூ. பரிமாறியவள் ரோலண்டின் மனைவி டாமரிஸ். வேலைக்காரியை அன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேறு ஈ காக்கை இல்லை.

"இவ்வளவு பேர்தான் ஐயா," என்றான் ஆம்ப்ரோஸ். "இதுல ஒருத்தன் போய் அரசவையில போட்டுக் கொடுத்திருக்கான்."

சைமன் லிடியார்ட் அவனை உட்காரச் சொன்னார். வெஸ்ட்மின்ஸ்டரில் சந்தேக மரணங்களை விசாரித்துத் தலை நரைத்தவர் அவர். எதிரே அவருடைய எழுத்தர் பெக், சட்டப் படிப்பைப் பாதியில் விட்டவன், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான். அடுத்தவர் வீட்டுக் கேடுதான் அவனுக்கு இருந்த ஒரே விறுவிறுப்பு.

விருந்தில் பேசியது இதுதான். நாடாளுமன்றச் சபையை ஒத்திவைக்கச் சொல்லி அரசர் ஆள் அனுப்பினால், வரிக்கு எதிரான தீர்மானம் நிறைவேறும்வரை சபைக் கதவைத் திறக்கக்கூடாது. கதவில் நிற்பதாக ரோலண்ட் ஏற்றுக்கொண்டார். நிற்க வாய்ப்பே வரவில்லை. முந்தாநாள் அவரைப் பிடித்து டவர் சிறையில் போட்டார்கள். நேற்று அரசர் சபையையே கலைத்துவிட்டார்.

"கதவைப் பூட்டணும்னு முதல்ல சொன்னதே ஜைல்ஸ்," என்றான் ஆம்ப்ரோஸ். "அவனை யாரும் தொடல. நாளைக்குக் காலையில அவனை வயல்வெளிக்கு வரச் சொல்லியிருக்கேன், வாளோட. ஒருத்தன்தான் திரும்பி வருவான்."

"அவர்தான்னு முடிவே பண்ணிட்டீங்க. அப்புறம் என்கிட்ட எதுக்கு?"

ஆம்ப்ரோஸ் தரையைப் பார்த்தான். "சின்ன வயசுலேருந்து கூடத் திரிஞ்சவன் ஐயா."

"அண்ணனைப் பாத்தீங்களா? அரசவையில அவரை என்ன கேட்டாங்களாம்?"

"ஒரு தடவை உள்ள விட்டாங்க. 'எல்லாரும் எழுந்து தொப்பியைக் கழட்டி அரசர் நலத்துக்குக் குடிச்சீங்க. குடிச்ச வாய் காயறதுக்குள்ள சதி பேசினீங்க'ன்னாங்களாம். அண்ணன் சிரிச்சிட்டாராம்."

"ஏன்?"

"அன்னைக்கு நாங்க அரசருக்காகக் குடிக்கவே இல்ல. அப்படிக் குடிக்கறது பாவம், முடியவே முடியாதுன்னு போதகர் ட்ரூ வாசல்லயே பிடிவாதம். எழுந்து நின்னு, தொப்பியைக் கழட்டி, மனசுக்குள்ள ஜெபம் பண்ணிட்டு உக்காந்தோம்."

"வேற என்ன கேட்டாங்க?"

"'ஊருக்குத் திரும்பிப் போகணும்னு ஆணை இருக்கே, நீ ஏன் இன்னும் லண்டன்ல இருக்கே'ன்னு. ஊர்ல நிலம் இருக்கிற எல்லாக் கனவான்களுக்கும் அதே ஆணைதான். பாதிப் பேர் போகல."

அவன் போனதும் பெக் சொன்னான்: "போதகர்தான் ஐயா. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் பேசறவருக்குத் திங்கக்கிழமை மட்டும் வாய் சும்மா இருக்குமா?"

"உனக்கும் இருக்காது. தொப்பியை எடு."

ரோலண்ட் குடியிருந்த வீட்டுக் கூடத்தில் மூன்று பெட்டிகள் கயிறு கட்டி நின்றன. பக்கத்தில் ஈரப் பாசியில் சுற்றிய ஆப்பிள் குச்சிகள், ஒட்டுக் கட்டுவதற்காக வெட்டியவை. கணப்புச் சூட்டில் மொட்டு உடைந்து இலை எட்டிப் பார்த்தது.

"ஊருக்குக் கிளம்பறீங்களாம்மா?" என்றார் லிடியார்ட்.

"அவரைப் பிடிச்ச அன்னைக்கு சாயங்காலம்தான் எல்லாத்தையும் கட்டினேன் ஐயா." டாமரிஸ் தூங்கிப் பல நாள் ஆனவள்போல் இருந்தாள். "எனக்கு இங்க யார் இருக்கா? வருஷம் ஒருதடவை ஊருக்கு வருவார், ஆப்பிள் பூக்கறதுக்குள்ள சபை கூடிடும், ஓடிடுவார். இந்தத் தடவை நானே கூட வந்தேன். வந்தும் என்ன? சாப்பிடும்போதும் சபைதான்."

பரிமாறும் அறை உணவறைக்கு அடுத்தது. நடுவில் மெல்லிய பலகைச் சுவர். லிடியார்ட் அங்கே போய் நின்றுகொண்டு, பெக்கை உணவறையில் முக்காலியை இழுத்து எழுந்து நிற்கச் சொன்னார். பெக் எழுந்தான்; அப்படியே ஏதோ முணுமுணுத்தான்.

"என்னைத் திட்டாதே," என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

மாலைக்குள் எல்லாரையும் அந்த மேசைக்கே வரவழைத்தார். ஜைல்ஸ் வந்ததும் ஆம்ப்ரோஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நாளைக்குச் சாகப்போறவனுக்கு ஒரு குவளை பீர் கூடக் கிடையாதா?" என்றார் ஜைல்ஸ்.

லிடியார்ட் நின்றபடி பேசினார்.

"சாப்பாட்டு நடுவுல எல்லாரும் சேர்ந்து எழுந்தா நம்ம வீடுகள்ல அதுக்கு ஒரே அர்த்தம்தான். அரசர் நலம். இங்க அன்னைக்கு அது நடக்கல. உள்ள இருந்த நாலு பேருக்கும் அது தெரியும். அரசவைக்குச் சொன்னவருக்குத் தெரியல. முக்காலி இழுபட்ட சத்தம் மட்டும் கேட்டிருக்கு. வழக்கத்தை வெச்சு மிச்சத்தை அவரே நிரப்பிக்கிட்டார்."

ட்ரூ மெல்ல நிமிர்ந்தார். "அப்ப சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவங்க."

"இன்னொண்ணு. கெடுக்க நினைச்சவன் ஜைல்ஸ் பேரைச் சொல்லியிருப்பான், போதகரே, உங்க பேரையும் சொல்லியிருப்பான். வந்தது ரோலண்ட் பேர் ஒண்ணுதான். கூடவே, ஊருக்குப் போகலங்கிற புகார். அதுக்கு வழக்கமா என்ன பண்ணுவாங்க? அதட்டி ஊருக்கு அனுப்புவாங்க. சொன்னவருக்கு வேண்டியதும் அதுதான்."

ஆம்ப்ரோஸ் எழுந்துவிட்டான். "ஐயா, வேண்டாம்."

"முந்தாநாள் வெட்டின குச்சி இதுக்குள்ள துளிர் விடாதும்மா," என்றார் லிடியார்ட். "அவரைப் பிடிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே நீங்க பயணத்துக்குத் தயார். ஒருத்தருக்காக இல்ல, ரெண்டு பேருக்காக."

டாமரிஸ் அழவில்லை.

"என் பெரியம்மா மகன் அரசவையில எழுத்தர்," என்றாள். "அவன்கிட்ட போய்ச் சொன்னேன். அரசருக்காகக் குடிச்ச நல்ல மனுஷன், கூட்டாளிங்க பேச்சுல மயங்கிட்டார், ஊருக்கு விரட்டிடுங்கன்னேன். போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரரை அப்படித்தான் விரட்டினாங்க. அவர் பொண்டாட்டி ஜன்னல்ல நின்னு சிரிச்சதை நான் பாத்தேன். கதவு விஷயமும் வாய் தவறி வந்துடுச்சு. அது இவ்வளவு பெரிசுன்னு எனக்குத் தெரியல."

ஆம்ப்ரோஸ் ஜைல்ஸ் தோளில் கை வைத்தான். அண்ணியைத் திரும்பிப் பாராமல் வெளியே போனான்.

"இதை நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல," என்றார் லிடியார்ட்.

"நான் சொல்லணும் ஐயா. அவர்கிட்ட."

மறுநாள் காலை டவரின் உள்முற்றம்வரை பெக்தான் அவளுடைய மூட்டையைத் தூக்கி வந்தான். மனைவி கூட இருக்க அனுமதி உண்டு. ஆனால் காவலர் கறாராகச் சொன்னார்: "உள்ள போனா போனதுதாம்மா. மனசு மாறினா திறக்க மாட்டோம். அவரை எப்ப விடறாங்களோ அப்பதான் நீங்களும்."

"எப்ப விடுவாங்க?"

"அதை அரசர்கிட்டதான் கேக்கணும்."

உடன் வந்திருந்த லிடியார்ட் குரலைத் தாழ்த்தினார். "விஷயம் தெரிஞ்சா அவர் உங்களைப் பாக்கவே மாட்டேன்னு சொல்லலாம்."

"சொல்வார். வெளிய போன்னும் சொல்வார். போக முடியாதே ஐயா." அவள் மூட்டையை வாங்கிக்கொண்டாள். "முகத்தைத் திருப்பிக்கட்டும். திருப்பின முகம் அந்த அறையிலதானே இருக்கும்."

தனக்காக யாராவது இப்படி ஒரு முட்டாள்தனம் செய்வார்களா என்று பெக் நினைத்தான். செய்ய மாட்டார்கள்.

அவள் படியேறினாள். உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல், சந்தோஷமாக, "டாமரிஸ்?" என்றது. காவலர் கதவைச் சாத்திப் பூட்டினார்.